சிற்றறிவும் மேல்முறையீடும்

கோடை விடுமுறையில் இன்டெர்ன்ஷிப்புக்கு வரும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது, கீழ்க்கோர்ட்டில் எதிரி விடுதலையான ஒரு கொலை வழக்கின் கட்டு. உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் குற்றவியல் மேல்முறையீடுகளைப் பார்க்கும் எங்களுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. இரண்டு நாளில் படித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

"மேடம், இவன்தான் செஞ்சிருக்கான். அப்பீல் போட்டே ஆகணும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எல்லாம் கட்டுலயே இருக்கே மேடம்."

கட்டில் என்ன இருக்கிறது? அரசுத் தரப்பு முதல் சாட்சியான (அ.சா.1) ஒரு பெண் சொன்னதைத் தட்டச்சு செய்த தாள்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்ட கேள்வி பெரும்பாலும் அதில் இராது. "நான் அந்த இடத்தில் இல்லை என்றால் சரியல்ல" என்ற பதில் மட்டும் இருக்கும். அதைச் சொல்லுமுன் அந்தப் பெண் எவ்வளவு நேரம் தயங்கினாள், கூண்டில் நின்றவனைப் பார்த்தாளா, தலை குனிந்தாளா? தாளில் ஏறாது. சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் முடிவைக் கலைக்க மேல்கோர்ட்டு அவசரப்படக் கூடாது என்று 1934-லேயே பிரிவி கவுன்சில் சொன்னது இதனால்தான்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்து சித்தாந்தம் பாடம் கேட்டவள். உயிருக்கு உள்ளது சிற்றறிவு, முற்றறிவு இறைவன் ஒருவனுக்கே என்பது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுப்பதைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று ஊரில் பேசுகிறார்கள். மனிதன் தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் இடமாகவே அதை நான் பார்க்கிறேன். அரசுக்கு அந்த ஒப்புதல் எளிதில் வராது. போலீஸ், ஆய்வகம், சிறை எல்லாம் கையில் இருப்பதால், எல்லாம் தெரிந்ததுபோலவே அது பேசும். ஆகவேதான் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் கட்டிவைத்திருக்கிறது. 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 419-ஆம் பிரிவும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பாதிதான் சொன்னதாகும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். நாகப்பட்டினம் கோர்ட்டு தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதை என்னால் அடக்கம் என்று ஏற்கவே முடியவில்லை. கண்ணால் கண்டேன் என்ற கூலிக்காரரின் சொல்லைத் தள்ளுகிறவரும், பணக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்றுதானே தள்ளுகிறார்?

அதனால் ஐயம் எங்கிருந்து வருகிறது என்று பக்க எண் போட்டு எழுதச் சொல்கிறேன். மருத்துவர் சொன்ன காயமும் சாட்சி சொன்ன வெட்டும் பொருந்தாததாலா? முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமாகப் போனதாலா? இல்லை, சாட்சி குடிப்பவர், கோர்வையாகப் பேசத் தெரியாதவர் என்பதாலா? கடைசி வகையென்றால், அடித்துவிட்டு மறுபடி படி என்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், நான்கு வாரத்தில் அவர்கள் வேறெதையும் கற்காமல் போனாலும் எனக்குக் குறையில்லை.

செத்தவரின் வீட்டார் சில நாள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வினைப்பயனை நம்புகிறவள்தான் நான். ஆனால் அது இறைவன் கணக்கு. அதைக் காட்டி ஒரு கட்டை மூட எனக்கு உரிமை இல்லை. மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். போடலாமா கூடாதா என்ற கருத்துரை அதற்குள் அரசுக்குப் போயாக வேண்டும். மாணவியின் குறிப்பும் அந்தக் கட்டோடு என் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடுமுன் அதை முழுதாகப் படிப்பேன்.