உறையில் பாதிப் பெயர்

1970களிலும் 1980களிலும் ஜப்பானில் உருவான ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பவர், ஒரு டிரான்சிஸ்டரின் உறைமேல் பெரும்பாலும் ‘சி1815’ என்று மட்டுமே காண்பார்; ஆனால் உற்பத்தியாளர் வெளியிட்ட அளவு விவரங்களின் தொகுப்பாகிய தரவேட்டில் அது ‘2எஸ்சி1815’ என்றே இடம்பெற்றிருப்பதால், விடுபட்ட முன்னொட்டை அறியாதவரின் தேடல் தொடக்கத்திலேயே தடைப்படுகிறது. அந்நாட்டுத் தொழில்தர முறையில் முன்னொட்டை அடுத்து வரும் ஏ, பி என்பவை பி-என்-பி வகையையும், சி, டி என்பவை என்-பி-என் வகையையும், ஜே, கே என்பவை புலவிளைவு டிரான்சிஸ்டர்களையும் குறிக்க, பின்வரும் எண்ணோ வெறும் பதிவு வரிசை. அதிலிருந்து உறுப்பின் திறனை ஊகிக்க இயலாது.

எளிதில் கவனம் தப்புவது ஈற்றெழுத்தே. தோஷிபாவின் இந்த டிரான்சிஸ்டரில் ‘ஒய்’ என்பது மின்னோட்டப் பெருக்கம் 120 முதல் 240 வரை என்பதையும், ‘ஜிஆர்’ என்பது 200 முதல் 400 வரை என்பதையும் உணர்த்துவதால், எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது அரைகுறைத் தகவலே. மாற்று உறுப்பாகப் பலரும் நாடும் அமெரிக்க வகையான 2என்3904, உறையின் தோற்றத்தில் வேறுபாடின்றி இருந்தாலும், சி1815-இன் நடுக்கால் மின்னோட்டத்தைத் திரட்டும் கலெக்டராகவும் 2என்3904-இன் நடுக்கால் அதைக் கட்டுப்படுத்தும் பேஸாகவும் அமைந்திருப்பதால், இணைப்பட்டியலை மட்டும் நம்பாமல் இரண்டின் தரவேடுகளையும் அருகருகே வைத்துக் கால்வரிசையை ஒப்பிட்ட பின்னரே பற்றவைக்க வேண்டும்.