மாட்டுக்காகவா, மோட்சத்துக்காகவா?

எங்க அஞ்செட்டிப் பக்கம் நடுகல்லை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கன்னடம் பேசுகிறவர்களுக்கு அது வீரகல்லு. பல இடங்களில் அதுதான் வேடியப்பன் சாமி. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நண்பனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கல் முன்னால் நின்றேன். மூன்றடுக்குக் கல். கீழே சண்டை, பக்கத்தில் மாடுகள். நடுவில் தேவகன்னியர் இரண்டு பேர் வீரனைத் தோளோடு தாங்கி மேலே கொண்டுபோகிறார்கள். உச்சியில் லிங்கத்துக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். நண்பன் கேட்டான்: "இவன் மாட்டுக்காகச் செத்தானா, இல்ல அந்தப் பொண்ணுங்களுக்காகச் செத்தானா?"

சிரித்துவிட்டோம். ஆனால் சிலுவைப்போர் பற்றி வரலாற்றாசிரியர்கள் ரொம்ப காலமாக மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்வியோடுதான். 1095 நவம்பரில் பிரான்ஸின் கிளேர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்தார். பல்லாயிரம் பேர் ஊரையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு ஜெருசலேமுக்குக் கிளம்பினார்கள். மண்ணுக்கா, மோட்சத்துக்கா?

நாம் கேட்டு வளர்ந்த பதில் மண்ணுக்கு என்பது. சொத்து மூத்தவனுக்குப் போய்விடும், இளையவன்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிலம் தேடிப் போனார்கள் என்று. ஜொனாதன் ரைலி-ஸ்மித் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்துப் பத்திரங்களைப் படித்துவிட்டு இதை ஆட்டம் காண வைத்தார். போனவர்களில் பலர் வசதியானவர்கள், நிலத்தை விற்றும் அடகு வைத்தும் போனவர்கள். நார்மண்டியின் பிரபு ராபர்ட் தன் நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடகு வைத்தார். 1099இல் ஜெருசலேம் விழுந்ததும் உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். நிலம் பிடிக்கப் போனவன் செய்கிற வேலையா இது?

சரி, ஆனால் அந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றை எழுதியது யார்? மடத்துத் துறவிகள். அவர்கள் 'பாவம் தீர' என்றுதான் எழுதுவார்கள், 'ஊர் வாய்க்குப் பயந்து' என்று எழுதமாட்டார்கள். நடுகல்லும் அப்படித்தான். செத்தவன் தன் கல்லைத் தானே செதுக்கிக்கொள்ளவில்லை. தேவகன்னியர் அவன் கண்ட கனவா என்று யாருக்குத் தெரியும்? மிஞ்சியவர்கள் அவனுக்குக் கொடுத்த கூலி அது.

ஊர் வாய் சும்மா இல்லை. புளோவா பிரபு ஸ்டீபன் 1098இல் அந்தியோக்கியா முற்றுகையின்போது படையை விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி அடேலா விடவில்லை, திரும்பப் போகச் சொல்லி நச்சரித்தார் என்கிறது அந்தக் காலத்து வரலாறு. போனார். 1102இல் ரம்லாவில் செத்தார். இதைப் படித்தபோது எனக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுத் தாய்தான் நினைவுக்கு வந்தாள், புறமுதுகிட்ட மகனுக்குப் பால் கொடுத்த முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போனவள். ஸ்டீபன் ரம்லாவுக்குப் போனது மோட்சத்துக்கு என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

வினோதம் என்னவென்றால், நோக்கத்தைச் சோதிக்க வேண்டும் என்று சபையே நினைத்தது. பக்தி ஒன்றுக்காகவே போகிறவனுக்கு, புகழுக்கோ பணத்துக்கோ போகாதவனுக்கு மட்டும்தான் அந்தப் பயணம் எல்லாப் பாவப் பரிகாரத்துக்கும் ஈடு என்று கிளேர்மோனில் விதி போட்டார்கள். நம்ம பக்கத்து வீரகல்லுக்கு இந்தக் கூச்சமே இல்லை. கர்நாடகத்துக் கற்கள் பலவற்றில் ஒரே சமஸ்கிருதச் செய்யுள் திரும்பத் திரும்ப வரும். ஜெயித்தால் செல்வம், செத்தால் தேவகன்னி, அப்புறம் என்ன கவலை என்பது அதன் சாரம். இரண்டு கையிலும் லட்டு.

எது மேல்? படிக்கிற காலத்தில் கிளேர்மோன் விதிதான் உயர்ந்தது என்று நினைத்தேன். ஆசையில்லாத போர்வீரன், கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? இப்போது அவனைக் கண்டால்தான் பயம். மாட்டுக்குச் சண்டை போடுகிறவன் மாடு கிடைத்ததும் வீட்டுக்குப் போவான். 1096இல் ஜெருசலேமுக்குக் கிளம்பிய எமிக்கோ என்ற பிரபுவின் கூட்டம் போகிற வழியில் மைன்ஸ் நகரத்து யூதர்களைச் சூழ்ந்தது. யூதர்கள் அவனுக்குப் பொன் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான். அப்புறமும் கொன்றார்கள். வெறும் கொள்ளைதான் நோக்கம் என்றால் பொன்னோடு கதை முடிந்திருக்க வேண்டும். கடவுளின் கணக்கைத் தீர்க்கக் கிளம்பியவனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும்?

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு உறுத்தல். பேராசைக்காரனை நான் ரொம்ப நல்லவனாக்கிவிட்டேன். மைன்ஸில் கொள்ளையும் நடந்தது. கொன்ற கையே அள்ளியது, எது எதைத் தூண்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாட்டுச் சண்டையும் மாட்டோடு நின்றதாக நான் சத்தியம் செய்யமாட்டேன்.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். செங்கம், தருமபுரிப் பக்கக் கற்களில் ஆநிரையைத் 'தொறு' என்று எழுதியிருக்கும், 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வரும், அதாவது களவுபோன மாட்டை மீட்கும்போது செத்தான் என்று விளக்கினேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது செத்தவனுக்கும் கல் உண்டு என்றும் சொன்னேன். நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நம்ம கல்லுல எழுத்து எதுவும் இல்லையே," என்றான். "அப்ப அந்த மாடு யாரோடது?"