அதே வண்டிதானா?

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் விசாரித்த வழக்கு, மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு. ஒருவர் தன்னிடமிருந்த பழைய பென்ட்லி பந்தயக் காரை விற்க ஒப்புக்கொண்டார். ஒரு நிறுவனம் ரொக்கமும் வேறு சில கார்களுமாக ஒரு கோடி பவுண்டு தருவதாகப் பேசி முடித்தது. பிறகு நிறுவனம் பின்வாங்கியது. நீங்கள் விற்பது ‘ஓல்ட் நம்பர் ஒன்’ அல்ல, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் வேறொரு வண்டி என்றது. விற்றவர் நீதிமன்றத்துக்குப் போனார். யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்று சொல்வதற்கு முன், ஒரு கார் எதுவரைக்கும் அதே கார் என்பதை நீதிபதி முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

அந்தப் பெயருக்கு ஏன் அவ்வளவு விலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-இல் முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி கார்களே பிடித்தன. முதலில் வந்தது ஆறரை லிட்டர் இன்ஜின் கொண்ட ‘ஸ்பீட் சிக்ஸ்’; அதுதான் ஓல்ட் நம்பர் ஒன். ஓட்டியவர்கள் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும். மறு ஆண்டு அதே வண்டியைப் பர்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும் ஓட்டி மறுபடியும் வென்றார்கள். பர்னாட்டோ கிம்பர்லி வைரச் சுரங்கப் பணத்துக்கு வாரிசு. பென்ட்லி கம்பெனிக்குப் பணம் போட்டு அதன் தலைவராகவும் இருந்தவர். லெ மானில் மூன்று முறை இறங்கினார், மூன்று முறையும் வென்றார். சொந்தக் கம்பெனியின் காரைத் தானே ஓட்டி ஜெயிக்கும் முதலாளி எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் வெற்றி கம்பெனியைக் காப்பாற்றவில்லை. 1931-இல் பென்ட்லி திவாலாகி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. ஓல்ட் நம்பர் ஒன் மட்டும் பர்னாட்டோவிடமே நின்றது.

1932-இல் அதற்குள் எட்டு லிட்டர் இன்ஜினை ஏற்றினார்கள். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளம் கான்கிரீட்டால் ஆனது. அதன் வளைவுகள் சுவர்போலச் சாய்ந்து உயரும். அங்கே நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் அவர் சகோதரர் க்ளைவ் டன்ஃபியும் மாறி மாறி இந்தக் காரை ஓட்டினார்கள். க்ளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி வளைவின் மேல் விளிம்பைத் தாண்டி அப்பால் போய் விழுந்தது. க்ளைவ் இறந்துபோனார். நொறுங்கிக் கிடந்ததைப் பர்னாட்டோ திரும்ப எழுப்பி, கூரை போட்ட சாலைக் காராக மாற்றினார். பல கைகள் மாறிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வழக்குப் போட்ட அந்த உரிமையாளரிடம் வந்தது. அவர் அந்தக் கூரையைக் கழற்றி, பழைய பந்தய உருவத்தை மறுபடியும் கட்டினார்.

நீதிமன்றத்தில் வண்டியை உருப்படி உருப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1929-இல் ஜெயித்த காரிலிருந்து எஞ்சியதாக உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. அப்படி ஏதாவது இருந்தாலும் அவை காலம் கணிக்க முடியாத சில்லறைப் பொருத்துகள்தான். 1930-இல் ஜெயித்ததிலிருந்து மிஞ்சியவை மூன்று: பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு. நான் தீர்ப்பெழுதும் இடத்தில் இருந்திருந்தால் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் வாங்கியவர் பக்கம் சாய்ந்திருப்பேன். நீதிபதி சாயவில்லை. இதை ஒரிஜினல் என்று சொல்ல முடியாது, ஆனால் புதிதாகச் செய்த நகலும் அல்ல, இதுதான் அசல் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். அவர் பார்த்தது வண்டியின் அறுபடாத வரலாற்றை. பந்தயத்துக்குப் பந்தயம், பட்டறைக்குப் பட்டறை மாறிக்கொண்டே வந்ததே தவிர, அந்த வண்டி இல்லாமல் போய் இன்னொன்று அதன் இடத்துக்கு வந்த நாள் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை.

முதலில் எனக்கு இது வக்கீல் சாமர்த்தியமாகத்தான் தோன்றியது. பந்தயப் பட்டறை எப்படி நடக்கும் என்று யோசித்தபோது எண்ணம் மாறியது. பந்தயம் முடிந்த கார் நேராகப் பட்டறைக்குப் போகும். தேய்ந்த ஆக்சில் கழலும், பக்கத்து வண்டியிலிருந்து கழற்றியது ஏறும். சேசிஸில் விரிசல் என்றால் வேறு சேசிஸ். ‘எதிர்காலத்தில் ஏலம் போடும்போது கேட்பார்கள்’ என்று ஒரு மெக்கானிக்கும் பழைய போல்ட்டை எடுத்து வைத்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆக, எந்த உருப்படிகள் இல்லை என்று வாங்கியவர் குறைப்பட்டாரோ அவை காணாமல் போனதற்குக் காரணம், எதற்காக அவர் அந்தக் காரை விரும்பினாரோ அதேதான். ஜெயித்ததால் தேய்ந்தது, தேய்ந்ததால் மாறியது. எல்லாப் பாகமும் பிறந்தபடியே இருக்கிற பந்தயக் காரைப் பார்த்தால், அது பந்தயத்தில் அதிகம் பாடுபடவில்லை என்றே நான் சந்தேகிப்பேன்.

இதே கேள்வியை ஒரு கோயில் தேரை வைத்தும் கேட்டுப் பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேரின் இன்றைய இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் (BHEL) நிறுவனம் செய்து கொடுத்தவை. வடம் பிடிக்க வருகிறவர்களில் ஒருவராவது, இது அந்தத் தேர்தானா என்று கேட்டதுண்டா? கேட்கத் தேவை வரவில்லை, ஏனென்றால் தேரை யாரும் விற்கப்போவதில்லை. பர்னாட்டோ தன் காரில் எட்டு லிட்டர் இன்ஜினை ஏற்றிய நாளிலும் இந்தக் கேள்வி எழவில்லை. அவருக்கு அது தன் வண்டி. விலைச்சீட்டு தொங்கிய பிறகுதான், எத்தனை சதவீதம் அதே வண்டி என்ற கணக்கு பிறக்கிறது.

பர்னாட்டோவின் பெயரிலேயே இதற்கு நேரெதிரான கதையும் ஒன்று உண்டு. 1930 மார்ச்சில் தென் பிரான்சின் கானிலிருந்து புறப்பட்ட ‘புளூ ட்ரெயின்’ ரயிலோடு பந்தயம் கட்டினார். ரயில் கடற்கரை நகரமான கலேயைத் தொடுமுன் தான் லண்டனில் இருப்பேன் என்றார், இருந்தார். அந்தச் சாகசத்தைச் செய்த கார் என்று, பின்பக்கம் அழகாகச் சரியும் இரண்டு கதவு ஸ்பீட் சிக்ஸ் ஒன்றைப் பல ஆண்டுகள் உலகமே கொண்டாடியது. ஓவியம்கூட அதை ரயிலோடு ஓடுவதாகவே தீட்டியது. ஆனால் அந்தக் கார் பர்னாட்டோ கைக்கு வந்தது பந்தயம் முடிந்த பிறகு. ஓட்டியது வேறொரு நான்கு கதவு சலூன். ஒரு காரில் பாடி அப்படியே இருக்கிறது, அது சம்பவ இடத்தில் இல்லை. ஓல்ட் நம்பர் ஒன்னோ எல்லா இடத்திலும் இருந்தது, அதில் பாடி அப்படியே இல்லை. எது வேண்டும் என்று கேட்டால் என் பதிலில் இப்போது தயக்கமில்லை.

பழைய உலோகம்தான் பெருமை என்றில்லை, பழைய வடிவம்தான் பெருமை என்பவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. 2022-இல் பென்ட்லி நிறுவனமே ஸ்பீட் சிக்ஸை அதன் பழைய அளவுகளில் புதிதாகப் பன்னிரண்டு செய்வதாக அறிவித்தது. ஒரு நூலிழை பிசகாத வேலை. அவற்றை வாங்குகிறவர் 1929-இன் உருவத்தை 1932 இல்லாமல் பெறுகிறார்.

வழக்கில் அடியோட்டமாக ஓடியதும் இந்த ஆசைதான் என்று நினைக்கிறேன். ஒரிஜினல் வேண்டும் என்றவர்கள் கேட்டது, வெற்றிக்கோட்டைத் தாண்டிய நொடியில் உறைந்துபோன ஒரு வண்டியை. அதற்குப் பின் நடந்த பந்தயங்களும், வளைவின் உச்சியில் க்ளைவ் டன்ஃபி போன இடமும், கூரைக்குள் ஒளிந்திருந்த பல பத்தாண்டுகளும் விலையைக் குறைக்கும் பழுதுகளாக அவர்களுக்குத் தெரிந்தன. தீர்ப்பு அவற்றையெல்லாம் ஒரே வண்டியின் வாழ்க்கையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1929-ஐ வைத்துக்கொண்டு 1932-ஐத் திருப்பித் தரும் வசதி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உரிமையாளருக்கு நிறைய உரிமைகள் உண்டு. பெயிண்டை மாற்றலாம், இன்ஜினை மாற்றலாம், பாடியையே மாற்றலாம். பர்னாட்டோ எல்லாம் செய்தார். நடந்ததை நடக்காததாக்கும் உரிமை மட்டும் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. சாவியை வாங்குகிறவர் அந்த விபத்தையும் வாங்குகிறார்.

வாங்கியபின் அவர் என்ன செய்யலாம்? சாலையில் எடுத்து ஓட்டினால் பிரேக் லைனிங் தேயும், பேரிங் தேயும். மாற்றினால் பட்டியலில் இன்னொரு உருப்படி குறையும். ஓட்டாமல் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டால் பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு மூன்றும் இன்னும் நூறு வருடம் பத்திரமாக இருக்கும். ஓல்ட் நம்பர் ஒன்னாக இருப்பதற்காக அந்த வண்டி 1929-இலிருந்து செய்துவந்த வேலைதான் நின்றுபோகும்.