மேடை ஏறாத கணக்கு

"என் உள்ளம் ஒப்பிய வேட்பாளர் ஒருவர் இருக்கிறார், அவர் வெல்லமாட்டார் என்பதும் தெரிகிறது. வெல்லக்கூடிய இன்னொருவருக்கு வாக்களி, இல்லையேல் வரக்கூடாதவர் வந்துவிடுவார் என்கிறீர்கள். மனச்சாட்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டா சாவடிக்குச் செல்வது?"

உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் இளைஞர் சிலர் எழுப்பும் கேள்வி இது. நேர்மையான கேள்வி. ஏளனத்தை இதற்கு விடையாகத் தருவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

ஆயினும் அக்கேள்விக்குள்ளே பழைய பழக்கமொன்று பதுங்கிக் கிடக்கிறது. அர்ச்சனைத் தட்டிலே பூவை இடுகிறான் பக்தன். அந்தப் பூ எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்ற கவலை அவனுக்கில்லை. இட்ட கை தூய கை, அதுபோதும் அவனுக்கு! வாக்குச் சீட்டையும் அப்படி இடலாமா? அது ஒரு தெருவுக்குக் குடிநீர் வரச் செய்யும், வராமலும் தடுக்கும். விளக்கை ஏற்றும், அணைக்கவும் செய்யும். விளைவெல்லாம் பிறர் தலையில் விழ, 'என் கை தூயது' என்று ஒருவன் மகிழ்ந்திருப்பானேயானால், அதைத் தன்னலம் என்றுதான் நான் சொல்வேன், தியாகம் என்று சொல்லேன்.

கணக்குப் பார்த்து வாக்களிப்பது குற்றமன்று, சரி. கடினமான கேள்வி அடுத்த படியிலேதான் காத்திருக்கிறது. ஒருவன் தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது வேறு. வீடுவீடாகச் சென்று, 'வாக்கைச் சிதறவிடாதீர், இன்னாருக்கே அளியுங்கள்' என்று ஊரைத் திரட்டுவது வேறு. திரட்டுவோர் நல்லவராயின் நல்லது, தீயவராயின் தீயது என்று சொல்லித் தப்பிவிட முடியாது. தம்மைத் தீயவர் என்று எண்ணித் திரட்டுவோர் உலகில் யார்? ஒரே நகரில், ஒரே தேர்தலில், ஒரே வாசகத்தை இரு தரப்பாரும் உச்சரித்த வரலாறு ஒன்றுண்டு. அதைக் கொண்டு உரசிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சிகாகோ. 1955 முதல் 1976-இல் இறக்கும்வரை ரிச்சர்டு டேலி அங்கே மேயர். அவரது ஜனநாயகக் கட்சி அமைப்போ வட்டந்தோறும் ஆள், ஆளுக்கொரு வேலை, வேலைக்கு ஈடாக வாக்கு என்று இயங்கிய எந்திரம். நகர மக்களில் ஐந்தில் இரு பங்கினர் கறுப்பினத்தார். வாக்கு அவர்களுடையது, ஆட்சி பிறருடையது! டேலியின் மறைவுக்குப் பின் 1977-இல் ஹெரால்டு வாஷிங்டன் என்னும் கறுப்பினத் தலைவர் கட்சி வேட்பாளராக முயன்றபோது நூற்றுக்குப் பதினொரு வாக்குகளே கிடைத்தன.

மீண்டும் நிற்க வேண்டுமென 1982-இல் அழைத்தவர்களிடம் அவர் சொன்னது: 50,000 புதிய வாக்காளரைப் பதிவு செய்து காட்டுங்கள். காட்டினர்! உதவித்தொகைக்காக வரிசையில் நின்ற தாய்மாரிடமும், வேலையற்றோர் அலுவலக வாயிலிலே வாடி நின்ற இளைஞரிடமும் சென்றனர் தொண்டர். அங்கே பெயர் பதிய இடமில்லை என்றபோது வழக்காடி அந்த உரிமையைப் பெற்றனர். பதிவானோர் ஒரு இலட்சத்தைத் தாண்டினர். யாரை நிறுத்துவது என்பதையும் நாலு பெரியவர் கூடி முடிவு செய்யவில்லை. பத்திரிகையாளர் லூ பாமரின் அமைப்பு மக்களிடமே கருத்துக் கேட்டது. முதலில் வந்த பெயர் வாஷிங்டன். பலர் நின்று வாக்குச் சிதறும் ஆபத்து அங்கேயே தீர்ந்தது.

கட்சி வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று 1983 பிப்ரவரி 22-இல் நடந்தது. களத்தில் மூவர்: அப்போதைய மேயர் ஜேன் பர்ன், பழைய டேலியின் மகன், வாஷிங்டன். அதற்கு முந்தைய வார இறுதியில், பர்ன் பக்கம் நின்ற கட்சித் தலைவர் எட்வர்டு விர்டோலியாக் வட்ட ஊழியரைக் கூட்டிப் பேசினார். மகன் டேலிக்கு விழும் ஒவ்வொரு வாக்கும் வாஷிங்டனுக்கே போய்ச் சேரும், இது இனத்தைப் பற்றிய போட்டி என்பது அவர் பேச்சின் சாரம். கூடத்துக்குள் பேசியது நாளேட்டில் ஏறிவிட்டது. ஏறியதும் கொதித்தெழுந்தனர் கறுப்பின மக்கள். வாஷிங்டனுக்கு நூற்றுக்கு 36, பர்னுக்கு 34-க்குச் சற்றுக் குறைவு, டேலிக்கு 30.

'சிதறவிடாதே' என்றனர் தொண்டர். 'சிதறவிடாதே' என்றார் விர்டோலியாக்கும். கூட்டலும் கழித்தலும் இரு பக்கமும் ஒன்றே. வேறுபாடு எங்கே? ஒன்று தெருவிலே, பகலிலே, பெயர் சொல்லிப் பேசப்பட்டது. மற்றொன்று வெளியே வந்ததும் சொன்னவரையே சுட்டது.

இரண்டாம் சுற்று இதை இன்னும் தெளிவாக்கிற்று. கட்சித் தலைவர் பலர் தம் கட்சி வேட்பாளரையே கைவிட்டு, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பெர்னார்டு எப்டன் பக்கம் சாய்ந்தனர். 'காலம் கடந்துவிடுமுன் எப்டன்' என்பது அவர்களது முழக்கம். கடந்துவிட்டால் என்ன ஆகுமாம்? அந்த வாக்கியத்தை முடிக்கும் துணிவு இல்லை. பாதியைச் சுவரில் எழுதி, மீதியைக் கேட்போர் நெஞ்சிலே முடித்துக்கொள்ள விட்டார்கள். ஏப்ரல் 12-இல் வாஷிங்டன் நூற்றுக்கு 51.7 வாக்குப் பெற்று வென்றார்.

'அவர் தரப்பும் நிறத்தைச் சொல்லித்தானே திரட்டியது?' என்று கேட்பீர். ஆம், திரட்டியது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கறுப்பினத்தார் வாக்கு மட்டும் வெற்றிக்குப் போதாது. இலத்தீன் அமெரிக்க வழியினரிடமும், வெள்ளையரில் ஒரு பகுதியினரிடமும் சென்று, காரணம் சொல்லி, வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார், பெற்றார். விலக்கப்பட்டோர் கூடி 'விலக்காதே' என்பதை விலக்குவோர் முகத்துக்கு எதிரே சொல்ல முடியும். விலக்குவோர் கூடி 'விலக்கியே வைப்போம்' என்பதைச் சொல்ல அறைக்கதவு வேண்டும். மேயரானபின் நகராட்சி ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறவும் அவர் வழிசெய்தார்; கதவைத் திறந்து வந்தவர் திறந்தே வைக்க முயன்றார்.

கதவே தேவைப்படாத இடங்களும் உண்டே என்ற எண்ணம் எழுகிறதல்லவா? நம் நாட்டிலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்னும் ஊராட்சிகள் 1996-இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதியினர் ஊர் கூடி முடிவெடுத்தனர்: ஒருவரும் மனுப் போடக்கூடாது, போட்டால் நம் சொற்படி நிற்பவர் போடட்டும், வென்றதும் விலகட்டும். அப்படியே வென்று, அப்படியே விலகினர் சிலர். பத்தாண்டு இந்தக் கூத்து நடந்து, 2006-இல்தான் முறையான தேர்தல் நிகழ்ந்தது. இங்கே இரகசியம் ஏது? நடுத்தெருவிலேயே சொன்னார்கள். ஆனால் அங்கே எதிர்த்து வாய் திறக்க ஒடுக்கப்பட்டவனுக்கு வழி இருந்ததா? மறுமொழி வரமுடியாத இடம் எவ்வளவு வெளிச்சமாயினும் அது மேடையாகாது. நான் மேடை என்பது, நம் கணக்கால் இழப்பவன் எழுந்து நின்று ஏன் என்று கேட்கக்கூடிய இடம்.

மேடையிலே சொல்லித் திரட்டிய வாக்குக்கும் பின்னர் ஒரு கடன் பாக்கி உண்டு. 1952 பொதுத்தேர்தலில் தி.மு. கழகம் போட்டியிடவில்லை, கழகக் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் முழங்குவோம் என்று உறுதிமொழியில் ஒப்பமிட்ட வேட்பாளரை ஆதரித்தது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றன. மறைவில்லாத, எழுத்திலான உடன்பாடு. நடந்தது என்ன? காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அவ்வாண்டே இராஜாஜியின் அமைச்சரவையில் அமர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியார் 1954-இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். 'இவருக்கு வாக்களியுங்கள்' என்று வீடுவீடாகக் கேட்ட தொண்டன், அதே வீட்டுக்கு அடுத்த முறை எந்த முகத்தோடு போவான்?

போகத்தான் வேண்டும். வட்டத் தேர்தலிலே இது இன்னும் கூர்மை. வாக்குக் கேட்டவனும் அளித்தவளும் அதே குழாயடியில் நாளைக் காலையிலேயே சந்திப்பர். கைவிட்டவர் யார், இனி என்ன செய்யலாம் என்று அவளிடம் சொல்லி, அவள் கருத்தையும் கேட்டாக வேண்டும். கழகம் அப்படித்தான் கேட்டது. 1956-இல் திருச்சி மாநில மாநாட்டுக்கு வந்தவர்களிடம், இனித் தேர்தலில் நாமே நிற்கலாமா, வேண்டாமா என்று பெட்டி வைத்து வாக்கெடுத்தனர். 50,000-க்கு மேற்பட்டோர் நிற்கலாம் என்றனர். வேண்டாம் என்ற சில ஆயிரவரின் வாக்கும் எண்ணி அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு 15 பேர் சட்டமன்றம் சென்றனர்.