கூட்டுரோட்டில் இறங்கு!

"நமக்கெதுக்குப்பா அதெல்லாம்?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் இதை! பக்கத்து ஊரில் உலகப் போட்டி நடக்கிறது. சாலையெல்லாம் கொடியும் பேனரும். வெளிநாட்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு ஏ.சி. பஸ்கள் நம்மைத் தாண்டிப் போகின்றன. நாமோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதே போட்டியைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏன் போகவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "அங்கெல்லாம் கார்ல வர்றவங்கதான் போவாங்க. இங்கிலீஷ் தெரியணும். நம்மள உள்ளேயே விட மாட்டாங்க."

யார் சொன்னது? எந்த வாசலில் எழுதி ஒட்டியிருந்தது? நீ போய்ப் பார்த்தாயா? வாசலை மிதிக்காமலே, அது உனக்கு மூடியிருக்கிறது என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். வேறு யாரும் உன்னைத் தடுக்கவில்லை. நீயே தடுத்துக்கொண்டாய்.

திருக்கழுக்குன்றத்துத் தம்பி, புதுப்பட்டினத்துத் தங்கை, மதுராந்தகத்திலும் திருப்போரூரிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருக்கிற பிள்ளைகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். இந்தக் கடற்கரை உங்களுடையது. இங்கே நடக்கும் ஆட்டமும் உங்களுடையது. அங்கே போய்ச் சேர ஒரு பஸ் டிக்கெட் போதும்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டியது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிடமிருந்து அந்த வாய்ப்பு போனது. மார்ச்சில் தமிழ்நாடு அதை எடுத்துக்கொண்டது. மற்ற நாடுகள் வருடக் கணக்கில் செய்யும் ஏற்பாட்டை நாம் நான்கே மாதங்களில் செய்து முடித்தோம். ஜூலை 28-ஆம் தேதி சென்னையில் தொடக்க விழா. மறுநாளிலிருந்து ஆட்டம். எங்கே? மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில்! ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர்., திருக்கழுக்குன்றம் சாலை எல்லாம் வந்து சேர்கிற அதே பூஞ்சேரியில். பொதுப் பிரிவில் மட்டும் 186 நாடுகளின் அணிகள் வந்து உட்கார்ந்தன.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம். அங்கே மாமல்லபுரம் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டி, பூஞ்சேரி கூட்டுரோடு வழியாகத்தான் அது போகும். மொத்தம் 30 கிலோமீட்டர் இருக்கும். உலகமே விமானம் ஏறி வந்து சேர்ந்த இடம் உனக்கு ஒரு பஸ் ஸ்டாப். பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து இங்கே காய் நகர்த்தினாள். இந்தியாவின் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார், அவர் ஆடிய பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அவர்கள் அத்தனை தொலைவும் அத்தனை பாரமும் தாண்டி வந்தார்கள். உனக்கு 30 கிலோமீட்டர் தூரமாகத் தெரிந்ததா?

டிக்கெட் விலை? அது நியாயமான கேள்வி. பொதுக் கட்டணம் அதிகம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தை வெகுவாகக் குறைத்திருந்தார்களே, அதையாவது விசாரித்தோமா? சென்னையிலிருந்து இலவசப் பஸ்கூட ஓடியது. விசாரிக்காதவனுக்கு இலவசமும் எட்டாது.

போயிருந்தால் என்ன பார்த்திருப்பாய் தெரியுமா? ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணி உஸ்பெகிஸ்தானோடு மோதியது. முதல் பலகையில் நம் சென்னைப் பையன் குகேஷ், வயது 16. முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்து, இரண்டு நாள் முன்னால்தான் அமெரிக்காவின் கருவானாவைச் சாய்த்திருந்தான். எதிரே அப்துசத்தோரோவ், அவனும் இளைஞன். ஆட்டம் குகேஷ் கையில் இருந்தது. கடிகாரம் ஓடுகிறது. நேரம் குறைகிறது. ஒரே ஒரு தப்பு, குதிரை போயிற்று, ஆட்டமும் போயிற்று. அதே மோதலில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்று அணியைச் சமனில் நிறுத்தினான். கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம் பிள்ளைகளுக்கு வெண்கலம்.

செல்போனில் பார்த்தவனுக்கு இது ஒரு செய்தி. அந்தக் கூடத்தில் நின்றவனுக்கு அது வேறு. அங்கே செல்போன் கிடையாது, பேச்சு கிடையாது. பதினாறு வயதுப் பையன் தோற்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் கைமரோடு டிரா செய்து, 11 ஆட்டத்தில் 9 புள்ளியோடு முதல் பலகைத் தங்கத்தைத் தனி ஆளாக வாங்கினான் அவன். பரீட்சையில் ஒரு பாடம் போனால் உலகமே முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை, அந்த மறுநாள் நாற்காலியைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்தக் குகேஷ் எங்கிருந்து கிளம்பினான்? அதைக் கேள், இதுதான் முக்கியம். 2013 நவம்பர், சென்னை அண்ணா சாலையில் ஒரு ஓட்டலில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி. ஆடுபவர்கள் கண்ணாடி அறைக்குள். வெளியே பார்வையாளர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளையாகக் குகேஷ் இருந்தான். ஒருநாள் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நாம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ஏங்கியதாகப் பின்னாளில் அவனே சொன்னான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். சீனாவின் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன்!

பார்வையாளன் என்றால் வெறும் கைதட்டி என்று நினைத்தாயா? பார்க்கிறவனுக்குள்தான் முதலில் பொறி விழுகிறது. பார்க்காத இடத்தைப் பற்றி எவனும் கனவு காண முடியாது. உலக சாம்பியனை ஐந்தடி தூரத்தில் பார்த்த பிள்ளைக்கு ஒரு உண்மை புரியும்: அவனும் தண்ணீர் குடிக்கிறான், அவனுக்கும் வியர்க்கிறது, அவனும் நகம் கடிக்கிறான். டிவியில் தெய்வமாகத் தெரிந்தவன் நேரில் மனிதனாகத் தெரிவான். அப்போதுதான் உனக்குள் ஒரு கேள்வி எழும், "என்னால் ஏன் முடியாது?" அந்தக் கேள்விக்காகத்தான் உன்னைப் பஸ் ஏறச் சொல்கிறேன்.

"உள்ளே விட மாட்டாங்க" என்பவர்களுக்கு அதே பூஞ்சேரியிலிருந்து ஒரு சேதி. 2021-இல் மாமல்லபுரத்தில் ஒரு கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து பூஞ்சேரி நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவரை எழுப்பி அனுப்பினார்கள். அவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, கேமரா முன்னால் தலை நிமிர்ந்து நியாயம் கேட்டார். அவர் பேச்சு ஊரெங்கும் பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் அதே பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். ஒரு பெண், கையில் பதவி இல்லை, பணம் இல்லை, பெரிய படிப்பு இல்லை. தன் இடத்தைக் கேட்டார், கிடைத்தது. பூஞ்சேரிக்கு உலகம் வந்தது அடுத்த ஆண்டுதான். அதற்கு முன்பே, இடத்தை எப்படிக் கேட்பது என்று பூஞ்சேரி நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

செஸ் பிடிக்காதா? கடலுக்கு வா. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில்தான் நடந்தது. தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் கடலில் அலை நன்றாக எழும். அதற்காகவே ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். இங்கே கேலரி எது? மணல். கூரை எது? வானம். வேலி போட்டு விரட்ட முடியாத அரங்கம் இது.

ஆட்டம் புரியாது என்பாயோ? இரண்டு நிமிடத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நிறத்தில் சட்டை. குறித்த நேரத்துக்குள் பல அலைகளில் ஏறலாம். ஒவ்வொரு அலைக்கும் ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மிக அதிகமும் மிகக் குறைவும் போக, மீதி மூன்றின் சராசரி. ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகளைக் கூட்டினால் இருபதுக்கு எவ்வளவு என்று வரும். அவ்வளவுதான். இதில் நான் பார்த்து வியப்பது அலை ஏறுவதைவிட, ஏறாமல் விடுவதைத்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், நல்லதாகத் தோன்றும் அலை ஒன்று வரும். தேர்ந்தவன் அதை விட்டுவிடுவான். பலகையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அடுத்தது எழும்பும்போது நான்கு முறை கைவீசி, பாய்ந்து, எழுந்து நின்றுவிடுவான். கரையில் நிற்கிற மீனவப் பெரியவர்கள் அதற்கு முன்னாலேயே "இதோ வருது பார்" என்பார்கள். அலை படித்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார், வர்ணனையாளர் தேவையில்லை.

அந்தப் போட்டியில் கேரளத்துக் கோவளத்தில் அலை பழகிய ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியர் ஒருவருக்குத் தனிநபர் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் முறை. நம் மாமல்லபுரத்துக் கமலியைத் தெரியுமா? கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் தாயின் மகள். ஸ்கேட்டிங் பலகையில் ஓடினாள், அலையிலும் ஏறினாள். அவளைப் பற்றி எடுத்த குறும்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பட்டியல் வரை போனது. அவளுக்கும் முதலில் கிடைத்தது கரையில் நின்று பார்க்கும் கண்தான்.

பஸ்ஸில் போவது கௌரவக் குறைச்சல் என்று இன்னும் யாராவது நினைத்தால், வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ரக்பி அங்கே உயிர். சுமார் 74,000 பேர் உட்காரும் அரங்கம் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. ஆட்ட நாளில் சுற்றியுள்ள சாலைகளை மூடிவிடுகிறார்கள். கார் வைத்திருப்பவனும் ரயிலில்தான் வருகிறான், முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் எல்லோரோடும் வரிசையில் நிற்கிறான். அந்த ரயில் பயணமும் அந்தக் கூட்டப் பாட்டும் ஆட்டத்தின் பாதி என்று நினைக்கிற மக்கள் அவர்கள். நம் சேப்பாக்கம் மட்டும் என்ன? பறக்கும் ரயில் நிலையம் அரங்கத்தை ஒட்டியே நிற்கிறது.

தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அந்தச் சலுகை வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. மேட்ச் பார்க்கவும் போகலாம். கூட்டாளிகள் நாலு பேராகச் சேர்ந்து கிளம்புங்கள். வீட்டில் சொல்லிவிட்டு, எப்போது திரும்புவோம் என்றும் சொல்லிவிட்டு, தைரியமாகக் கிளம்புங்கள். அண்ணன் மட்டும் போகலாம், நீ போகக் கூடாது என்றால், ஏன் என்று கேளுங்கள். கேட்டே ஆக வேண்டும்.

வழி சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். செங்கல்பட்டிலிருந்து வருகிறவனுக்குத் திருக்கழுக்குன்றம் வழி. தாம்பரத்திலிருந்து வருகிறவனுக்குக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக 515. ஆட்டம் மூன்று மணிக்கு என்றால் பன்னிரண்டுக்கே ஏறிவிடு, போட்டி நாளில் கூட்டுரோட்டில் நெரிசல் இருக்கும். தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை. ஆதார் ஒரிஜினல் எடுத்துக்கொள், செக்கிங்கில் கேட்டால் தடுமாற வேண்டாம். இறங்கியதும் முதல் வேலை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டைம்கீப்பரிடம் கேட்பது. உள்ளே யார் எந்த அணி என்று தெரியவில்லையா, பக்கத்தில் இருப்பவரைத் தமிழிலேயே கேள். ஆட்டம் பார்க்க வந்தவன் எவனும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டான்.

ஊர்ப் பள்ளி ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு முறை உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள், சந்தோஷம். அடுத்த பெரிய போட்டி இந்தக் கரைக்கு வரும்போது அங்கேயும் கூட்டிப்போங்கள். அனுமதிக் கடிதம் இன்றைக்கே எழுதுங்கள்.

தம்பி, இனிமேல் போட்டி அறிவிப்பு வந்த அன்றைக்கே தேதியைக் குறித்து வை. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். பஸ்ஸில் ஏறு. "எங்கப்பா போறீங்க இத்தனை பேரும்?" என்று கண்டக்டர் கேட்பார். பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்: "பூஞ்சேரி கூட்டுரோடு அஞ்சு கொடுங்கண்ணே, மேட்ச் பார்க்கப் போறோம்!"