நொண்டிக் கன்றின் ஹக்கு

தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கையில் இருப்பது ஒரு செம்புத் தண்ணீர்தான். பக்கத்தில் ஒரு கழுதை தாகத்தில் நிற்கிறது. ஷாபிஈ மத்ஹபில் இதற்கு இரண்டு பேச்சில்லை. தண்ணீர் கழுதைக்கு. தொழுகிறவர் மண்ணில் கையடித்துத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கழுதை யாருடையது, இனி வேலைக்கு உதவுமா என்றெல்லாம் சட்டம் விசாரிப்பதில்லை. நான் இஸ்லாம் பாடம் படிப்பித்த காலத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "கழுதைக்கா சேர்?" என்று கேட்பார்கள். ஆம், கழுதைக்குத்தான். அல்லாஹ்வை வணங்குவதற்கான சுத்தத்தையே ஒரு மிருகத்தின் தாகத்துக்காக விட்டுக்கொடுக்கச் சொல்கிற மார்க்கம் நம்முடையது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது நம் பக்கத்துக்கு வந்தது வெள்ளமல்ல, குளிர். மழையில் ஊறி வாடைக்காற்றில் நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. இந்த மாகாணங்களிலிருந்து இறைச்சி வெளியே போகாமல் அரசாங்கம் தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. கல்முனைப் பக்கம் வட்டைகளில் மாரி வெள்ளாமை நின்ற காலம் அது. வாப்பா விட்டுப்போன சின்னப் பட்டியை மேட்டு நிலத்து மாட்டுக்காலையில் அடைத்திருந்தோம். அந்தக் குளிரில்தான் ஒரு பசு கன்று போட்டது.

காலையில் போய்ப் பார்த்தால் கன்று கால்களை விரித்துச் சேற்றில் கிடக்கிறது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாக்கில் சூடே இல்லை. விரலைச் சப்பவும் இல்லை. சப்பத் தெம்பில்லாத கன்றின் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முதலில் சூடு, பிறகுதான் பால். படங்கை இழுத்துக் கட்டிக் காற்றை மறித்தோம். வைக்கலால் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை எடுத்தோம். வெந்நீர்ப் போத்தல்களைச் சாரனில் சுற்றி விலாவோடு அணைத்து வைத்தோம். ளுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் விரலை மெல்லச் சப்பிற்று. அப்போதுதான் தாயின் கடும்புப் பாலைக் கறந்து கொடுத்தோம். பிழைத்துக்கொண்டது என்று நினைத்தபோது தொப்புள் வழியாகக் கிருமி ஏறி முன்னங்கால் மூட்டு வீங்கியது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். வீக்கம் வடிந்தது, கால் நிமிரவில்லை. கன்றோ நாம்பன். பால் தராது, உழவுக்கும் ஆகாது.

பக்கத்து வளவு மச்சான் நல்ல மனிசன். என் செலவைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஆஸ்பத்திரியில மனிசனுக்கே மருந்தில்ல மச்சான். இதுக்குப் போய்க் காசக் கொட்டுறீங்க. அறுத்துப் போட்டா விசயம் முடிஞ்சி."

அவர் சொன்னதில் மார்க்கப்படி பிழையில்லை. உண்ண ஆகுமான மிருகத்தை வைத்திருப்பவன் அதற்குத் தீனி போட வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அறுக்க வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். மூன்றில் எதையும் செய்யாமல் பட்டினி போட்டால் காழி அவனைக் கட்டாயப்படுத்தலாம். இது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விசயம், நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை என்றார் இமாம் அபூஹனீபா. நம் இமாம்கள் அப்படி விடவில்லை. வாய்பேசாத மிருகத்தின் வழக்கை அதன் சார்பில் காழியே நடத்தட்டும் என்றார்கள்.

ஜும்ஆ பயான்களில் நாம் கேட்பதெல்லாம் நன்மையின் கதைகள். நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியைக் கேட்டுக் கண் கலங்காதவர் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, மிருகத்துக்குச் செய்வதெல்லாம் நாம் விரும்பிப் போடும் சதகா என்று பழகிவிட்டோம். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகத்தின் செய்தி வேறு மாதிரியானது. நபியவர்களைக் கண்டதும் அது கண்ணீர் விட்டது. அவர்கள் அதன் காதுக்குப் பின்புறம் தடவி ஆறுதல் கொடுத்துவிட்டு, உரிமையாளரை அழைத்தார்கள். பட்டினி போடுகிறாய், ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று ஒட்டகம் முறையிட்டதாகச் சொல்லிக் கண்டித்தார்கள். பிச்சை கேட்கிறவன் முறையிடுவதில்லை. முறையிடுகிறவனுக்கு வரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதும் அதனால்தான். கட்டாமல் விட்டிருந்தால் அது தன் இரையைத் தானே தேடியிருக்கும். கயிறு யார் கையிலோ, கடன் அவர் தலையில்.

இதைச் சட்டமாகவே எழுதிவைத்தவர் திமிஷ்கில் வாழ்ந்து, 1262இல் கெய்ரோவில் மௌத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம். 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் மனிதன் மீது மிருகங்களுக்குள்ள ஹக்குகளை, அதாவது உரிமைகளை, அவர் வரிசைப்படுத்துகிறார். முதலில் சொல்வது செலவு. நோயாலோ முதுமையாலோ இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்றான பிறகும் அதற்குரிய செலவைச் செய்ய வேண்டும் என்கிறார். குட்டியைத் தாயின் கண்முன் அறுக்கக்கூடாது என்பதும் அந்த வரிசையில் இருக்கிறது. இமாம் நவவி இன்னும் நுணுக்கமாகப் போகிறார். கறக்கிறவர் மடி நோகாமல் நகத்தை வெட்டிக்கொள்வது நல்லது என்கிறார்.

அறுத்துவிடலாம் என்ற வாசல் திறந்திருக்கும்வரை நம் பரிவு எத்தனை ஆழமானது என்று நமக்கே தெரியாது. அந்த வாசல் இல்லாத இடம் ஒன்று உண்டு. பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய 'பத்ஹுல் முஈன்' நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படுகிறது. உண்ண ஆகாத மிருகத்தை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகக்கூட அறுப்பது ஹராம் என்கிறது அது. அதற்கு உதாரணமாகக் காட்டுவதும் இயலாமல் கிடக்கும் கழுதையைத்தான்.

வலியில் துடிக்கும் உயிருக்கு விடுதலை கொடுப்பதும் இரக்கம்தானே என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. இக்காலத்தில் அப்படிக் கருதும் அறிஞர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பழைய தடையில் மனிதனை நன்றாக அறிந்த ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்றே நினைக்கிறேன். மிருகத்தின் வேதனை முடிகிற அதே நொடியில் உரிமையாளரின் செலவும் முடிகிறது, சிரமமும் முடிகிறது. யாருடைய நிம்மதிக்காக முடித்தோம் என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியாது. அதனால் அந்த முடிவை அவர் கையில் கொடுக்காமல், தண்ணீரையும் நிழலையும் மருந்தையும் மட்டும் சட்டம் அவர் கையில் கொடுக்கிறது. தடையை வாங்கிக்கொண்டு மருந்தை மறந்தவர் சட்டத்தில் பாதியைத்தான் எடுத்திருக்கிறார். மன்னார்த் தெருக்களில் பொலித்தீனைத் தின்றும் வாகனத்தில் அடிபட்டும் அலையும் கழுதைகளும், வறட்சியில் தண்ணீரில்லாமல் சாகும் நெடுந்தீவின் குள்ளக் குதிரைகளும் ஒரு காலத்தில் மனிதர் கட்டி வளர்த்தவற்றின் வழிவந்தவை. கயிற்றை அவிழ்த்துவிட்டதால் அந்தக் கடன் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. மன்னாரில் கழுதைகளுக்கென்றே ஒரு வைத்திய நிலையத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்கள் நம் பிக்ஹுக் கிதாபுகளை ஓதியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கிதாபுகள் சொன்னதைச் செய்தார்கள்.

மச்சானுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: மனிசனுக்கு மருந்தில்லாமல் போனது இந்தக் கன்று தின்ற வைக்கலால் அல்ல. அறுக்க எனக்கு அனுமதி இருந்தது உண்மை. பிழைக்கக்கூடிய ஒன்றை, என் செலவு குறையட்டும் என்பதற்காக அறுக்க மனம் ஒப்பவில்லை. அந்த நாம்பன் இப்போதும் நொண்டிக்கொண்டே பட்டியோடு மேய்கிறது.

பட்டி வைத்திருக்கும் சகோதரர்களே, ஐப்பசி பிறக்கும் முன் மாட்டுக்காலைக்கு ஒரு பக்கமாவது காற்று மறைப்புக் கட்டுங்கள். கன்று வயிறார ஊட்டும்வரை கடும்புப் பாலைக் கறந்து விற்காதீர்கள். கதீப்மார்களே, நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் கதையைச் சொல்லுங்கள். அதோடு, அழுத அந்த ஒட்டகத்தின் வழக்கையும் மிம்பரில் சொல்லுங்கள்.