மனிதன் எழுதிய பக்கங்கள்

1561இல் கீடோ டி ப்ரே என்ற போதகர் வரைந்த பெல்ஜிய விசுவாச அறிக்கையை நெதர்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபைகள் தங்கள் அடிப்படை ஆவணங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டன. இறைவனை அறிய வேதம் ஒரு வழி, படைப்பு இன்னொரு வழி என்கிறது அந்த அறிக்கை. உலகத்தை அது உயிர்களே எழுத்துகளாக அமைந்த நூலாகப் பார்க்கிறது. ஆனால் அந்த நாட்டின் நிலமே இந்த நம்பிக்கைக்குக் கடினமான சோதனை. அதில் கால்வாசிக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அணைகளும் நீரிறைப்பும் நின்றுபோனால் அது நிலமாகவே இராது. மணற்குன்றுகளைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்திருக்கும் புல்லில் பெரும்பங்கை மனிதர்களே நட்டார்கள். வடகிழக்கே வேரிப்பன், வீடன் பகுதிகளின் ஏரிகள், அடுப்பெரிக்கப் பீட் மண் வெட்டி எடுத்த குழிகள். இந்த நூலின் பல பக்கங்களை மனிதன்தான் எழுதியிருக்கிறான் என்றால், அங்கே ஒரு நாணற்பரப்பின் முன் ஒருவருக்குள் எழும் பக்தி யாரைச் சேரும்? அல்லது அது வெறும் மயக்கமா?

மயக்கமல்ல என்பது என் கருத்து. மனிதக் கை பட்ட இடம் என்று அறிவதால் பக்தி குறைவதில்லை, அதற்குப் பொறுப்பு வந்து சேர்கிறது. இதற்குச் சான்று, வழிகாட்டி ஒருவர் செடியையும் பறவையையும் விளக்கி அழைத்துப்போகும் அந்நாட்டின் இயற்கை நடைகளிலேயே இருக்கிறது. அவற்றின் பின்னே ஒரு மரபு உண்டு. எலி ஹெய்மன்ஸ், யாக் தைஸ்ஸ என்ற இரு பள்ளி ஆசிரியர்கள் 1890களிலிருந்து எழுதிய நூல்கள், செடியையும் பறவையையும் பெயர் சொல்லி அறியும் ஆசையை எளிய குடும்பங்களுக்கும் கொண்டுசேர்த்தன. 1904இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி நார்டர்மேர் ஏரியை நகரக் குப்பையால் நிரப்ப எண்ணியது. கரண்டிவாயன்கள் கூடுகட்டும் ஏரி அது. எதிர்ப்புக்குப் பிறகு நகர மன்றம் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது, 1906இல் ஏரியை விலைக்கு வாங்கியது. அந்த ஏரியும் மனிதக் கை படாததல்ல; அதை வற்றவைத்து வயலாக்கும் முயற்சிகள் முன்பே நடந்து தோற்றிருந்தன. ஆகவே 'தூய இயற்கை' என்ற பெயர் அதைக் காக்கவில்லை. அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று தெரிந்தவர்கள் போதுமான அளவு இருந்தார்கள், அதுதான் காத்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1982இல் ராபர்ட் எலியட் என்ற தத்துவவாதி, அழித்துவிட்டு மீட்டுருவாக்கிய இயற்கை, நுட்பமாகச் செய்த போலி ஓவியத்துக்கு ஒப்பானது என்று வாதிட்டார். பார்வைக்கு வேறுபாடே இல்லாவிட்டாலும் தோற்ற வரலாறு வேறு என்பதால் மதிப்பும் வேறு என்பது அவர் வாதம். காட்டை அழிக்கும் நிறுவனம் 'பிறகு நட்டுத்தருகிறோம்' என்று சொல்லும்போது இந்த வாதம் தேவைப்படுகிறது. அந்த அளவில் நான் அதை ஏற்கிறேன். ஆனால் போலியின் குற்றம் தன் வரலாற்றை மறைப்பதில் இருக்கிறது. வேரிப்பனில் படகில் அழைத்துப்போகும் வழிகாட்டி எதையும் மறைப்பதில்லை. இந்தக் குழி பீட் வெட்டியதால் வந்தது, ஆண்டுதோறும் நாணல் அறுத்து அகற்றாவிட்டால் இங்கே ஆல்டர் மரங்கள் முளைத்து நீர்நிலையே காடாகிவிடும், அப்போது இந்த ஆர்க்கிட் மலர்கள் இரா என்று அவர் சொல்லிவிடுகிறார். தோற்ற வரலாற்றைச் சொல்வதுதான் அந்த நடையின் உள்ளடக்கம். மேலும் மலரை நாணல் அறுப்பவர் செய்யவில்லை. மலர் வர இடம் விட்டார், அவ்வளவே. படைத்தலும் இடம் விடுதலும் வெவ்வேறு செயல்கள்.

நெதர்லாந்து மண்ணில் வாழ்ந்த தத்துவவாதி ஸ்பினோசா இந்தச் சிக்கலையே கலைத்துவிடக்கூடியவர். 1677இல் அவர் இறந்தபின் வெளிவந்த 'எதிக்ஸ்' நூலில் கடவுளும் இயற்கையும் ஒன்றே. மனிதன் இயற்கைக்குள் தனி அரசு நடத்துபவன் அல்லன். அப்படியானால் அணை கட்டும் மனிதனும் வளை தோண்டும் முயலும் ஒரே ஒழுங்கில்தான் இயங்குகிறார்கள். தனித்தனிப் பொருள்களை எவ்வளவு அறிகிறோமோ அவ்வளவு கடவுளை அறிகிறோம் என்றும் அவர் கருதினார். இந்தக் கண்ணால் பார்த்தால், சேற்றில் குனிந்து ஒரு புழுவின் பெயர் கேட்பதும் வழிபாடே. ஆனால் ஸ்பினோசாவோடு முழுதும் போக என்னால் முடியவில்லை. எல்லாமே இயற்கை என்றால் ஒரே வகைப் புல் மட்டும் வளரும், பூச்சியற்ற, பறவையற்ற மேய்ச்சல் வயலும் இயற்கைதான். விலங்குகளை நம் வசதிப்படி பயன்படுத்தலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வயல்வெளி நடைகள் அவருக்குப் பதில் சொல்கின்றன. 2015இல் மக்கள் வாக்களித்துத் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்த கருவால் மூக்கன், புல்வெளித் தரையில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு உயர்ந்த, பலவகைப் பூண்டுகள் கலந்த புல்லில் பூச்சி பிடித்துத்தான் வளர வேண்டும். நிலத்தடி நீரை இறக்கி, உரமிட்டு, மே மாதத்திலேயே இயந்திரம் கொண்டு அறுத்தால் குஞ்சுக்கு உணவும் இல்லை, ஒளிவிடமும் இல்லை. காரணத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்தபின் அந்த வயலையும், அறுப்பைத் தள்ளிப்போட்ட பக்கத்து வயலையும் யாராலும் சமமாகப் பார்க்க முடியாது. அறிவு இங்கே ஒரு கடமையைக் கொண்டுவருகிறது. அந்தக் கடமையின் செலவை விவசாயி தனியே சுமக்க நேர்ந்தால் அது அநியாயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறிவு போதுமா என்று கேட்பவர்கள் ஓஸ்ட்ஃபார்டர்ஸ்பிளாசன் என்ற சதுப்புநிலத்தைக் காட்டுவார்கள். 1968இல் நீர் வற்றவைத்த தெற்கு ஃப்ளேவோலாந்தில், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கிய தாழ்நிலம் தானாகவே சதுப்பாகிப் பறவைகளால் நிறைந்தது. 1980களில் ஹெக் மாடுகளையும் கோனிக் குதிரைகளையும், பிறகு செம்மான்களையும் கொண்டுவந்து, தலையிடாமல் வாழவிட்டார்கள். 2017–18 குளிர்காலத்தில் 3,000க்கு மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. பெரும்பாலானவை பட்டினியால் சாகும் நிலையில் சுடப்பட்டன. மக்கள் கொதித்துப்போய் வேலிக்கு மேலாக வைக்கோல் வீசினார்கள். நிபுணர்களுக்கு விலங்கியல் தெரியாமலில்லை. ஆனால் கடலடியில் அணை கட்டி எடுத்த நிலத்தை, வேலியிட்டு அடைத்த பிறகு, தானே இயங்கும் காடாகக் கருதினார்கள். வேலியில்லாத வெளியில் பசித்த மந்தை வேறிடம் போகும். இங்கே வேலி நின்றது. தன் கையை மறந்த இடத்தில்தான் கொடுமை நுழைந்தது என்று நான் இதை வாசிக்கிறேன். கையை ஒப்புக்கொண்டிருந்தால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கடமையும் முதலிலேயே தெரிந்திருக்கும்.

தியான மரபினர் வேறொன்று கேட்கலாம்: இறையனுபவத்துக்குத் தனிமையும் மௌனமும் வேண்டாமா, நடுவில் எதற்கு ஒரு வழிகாட்டியின் பேச்சு? காட்டுக்கும் மலைக்கும் இக்கேள்வி பொருந்தலாம். நெதர்லாந்தின் வாடன் கடலில் பொருந்தாது. ஓதம் வடிந்த சில மணி நேரத்தில் சேற்றுத்தரையைக் கடந்து தீவுக்கு நடப்பவர், கால்வாய்கள் எங்கே இடம் மாறியிருக்கின்றன என்று அறிந்தவரின் பின்னால்தான் போக முடியும். பெரிய நடைகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட. தன் உயிர் இன்னொருவரின் அறிவைச் சார்ந்திருக்கிறது என்று உணர்வதில் ஒரு பணிவு இருக்கிறது; தனிமை தரும் பணிவைவிட அது குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

பாதிக்கு மேற்பட்டோர் எந்த மதத்தையும் சேராத நாட்டில், ஞாயிறு ஆராதனைக்குப் பதிலாக எளிதாகக் கிடைத்த ஆறுதலே இந்த இயற்கை நடைகள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நின்றால் அந்தக் குற்றச்சாட்டு சரியே. ஆனால் ஐ.வி.என். போன்ற இயற்கைக் கல்வி அமைப்புகளில் நடை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். நடந்துபார்த்தவர்களிலும் சிலர் வசந்தத்தில் வயலில் கூடு தேடி, விவசாயியின் இயந்திரம் விலகிப்போகக் குச்சி நட்டு அடையாளமிடுகிறார்கள். குளிர்காலத்தில் ரம்பத்தோடு வந்து வாய்க்கால் ஓரத்து வில்லோ மரங்களின் தலையை வெட்டிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் கிளைகளின் பாரத்தால் அந்த மரங்கள் பிளந்துபோகும்.